நாக்அவுட் செஸ்: மூன்றாவது நாள் ஓய்வு யாருக்கு?

நீங்கள் கேட்டிருப்பது இது: உலகக் கோப்பை போன்ற நாக்அவுட் செஸ் போட்டிகளில் 2700 ரேட்டிங் புள்ளியைத் தாண்டிய கிராண்ட்மாஸ்டர்கள்கூட இரண்டாம், மூன்றாம் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறார்களே, நாள் தவறாமல் ஆட வைக்கும் அட்டவணைதான் காரணமா? இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்தப் போட்டிமுறை அளப்பது ஆட்டத் திறமையையா, தாக்குப்பிடிக்கும் சக்தியையா என்பது ஒன்று. தோற்றுப் போனவர் மோசமாகத்தான் ஆடினார் என்று சொல்லிவிட முடியுமா என்பது மற்றொன்று. சுருக்கமாகச் சொன்னால், தொடக்கச் சுற்றுத் தோல்விகளுக்குக் களைப்பு பெரிய காரணம் இல்லை. அங்கே வேலை செய்வது வெறும் கணக்கு. களைப்பு கால் இறுதிக்குப் பிறகுதான் களத்துக்கு வருகிறது. வரும்போதும் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. யாருக்கு மூன்றாவது நாள் ஓய்வு கிடைத்தது என்பதைப் பார்க்காமல் நாக்அவுட் முடிவுகளைப் படிப்பது பாதிக் கதையைப் படிப்பது போலத்தான்.

முதலில் அமைப்பு. 2021 முதல், சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்தும் உலகக் கோப்பையில் 206 பேர் ஆடுகிறார்கள். முதல் 50 இடங்களில் இருப்பவர்கள் நேராக இரண்டாம் சுற்றுக்குப் போய்விடுவார்கள். மீதி 156 பேர் முதல் சுற்றில் மோதி 78 பேராகக் குறைவார்கள். 78உம் 50உம் சேர்ந்து 128. அங்கிருந்து ஒவ்வொரு சுற்றிலும் பாதிப் பேர் வீட்டுக்கு. மொத்தம் எட்டுச் சுற்றுகள், ஒரு சுற்றுக்கு மூன்று நாள். முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டம். ஒருவருக்கு ஒருமுறை வெள்ளை, ஒருமுறை கருப்பு. 1-1 என்று சமன் ஆனால் மட்டும் மூன்றாவது நாள் டைபிரேக், அதாவது சமனை முறிக்கும் வேக ஆட்டங்கள். 2023இல் பாகுவில் நடந்தது ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 24 வரை, 26 நாள். எட்டுச் சுற்றுக்கு 24 நாள் போக, எல்லோருக்கும் பொதுவான ஓய்வு இரண்டே நாள்.

இப்போது கணக்கு. ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணாகக் காட்டும் எலோ ரேட்டிங் முறைப்படி 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், பலமானவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76 எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். அதை 58 சதவீதம் வெற்றி, 36 சதவீதம் டிரா, 6 சதவீதம் தோல்வி என்று பிரித்துக்கொள்வோம். இந்தப் பிரிப்பு கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது. டிரா வீதம் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு ஆட்டங்களில் அவர் நேரடியாக வெல்லும் வாய்ப்பு சுமார் 75 சதவீதம், டைபிரேக் போகும் வாய்ப்பு 20, நேரடியாகத் தோற்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 5. டைபிரேக்கில் பத்துக்கு ஏழு முறை அவரே ஜெயித்தாலும் மொத்தம் 89 சதவீதம்தான் வருகிறது. வித்தியாசம் 50 புள்ளிதான் என்றால் படம் அடியோடு மாறிவிடும்: ஓர் ஆட்டத்துக்கு 60 சதவீதம் டிரா என்று வைத்தால், நேரடி வெற்றி 40, டைபிரேக் 43, நேரடித் தோல்வி 17. இரண்டு ஆட்டம் என்பது அவ்வளவு குறுகிய மோதல்.

இதை முன்னணியில் உள்ள 20 பேருக்குப் போட்டுப் பாருங்கள். தாங்கள் ஆடும் முதல் மூன்று சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் 88 சதவீதம் வாய்ப்பு இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 0.88ஐ மூன்று முறை பெருக்கினால் 0.68. இருபது பேரில் ஆறேழு பேர் களைப்பே இல்லாமல், தூக்கம் கெடாமல், யாரும் மோசமாக ஆடாமலேயே வெளியேறிவிடுவார்கள். ஏழு சுற்றிலும் 80 சதவீதம் வாய்ப்போடு ஆடுகிறவர் கோப்பையைத் தூக்கும் வாய்ப்பு 21 சதவீதம். 75 சதவீதம் என்றால் 13. அதனால் 2017இல் திபிலிசியில் உலகச் சாம்பியனாக இருந்த மாக்னஸ் கார்ல்சன் மூன்றாம் சுற்றில் சீனாவின் பூ சியாங்சியிடம் தோற்றதையும், 2025இல் கோவாவில் உலகச் சாம்பியன் குகேஷ் அதே மூன்றாம் சுற்றில் ஜெர்மனியின் ஃபிரெடரிக் ஸ்வானேயிடம் தோற்றதையும் அதிசயமாகப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேருமே ஓர் ஆட்டம் தோற்று, ஒன்றை டிரா செய்து 0.5-1.5 என்று வெளியேறினார்கள். லீக் முறைப் போட்டியில் இதே இரண்டு முடிவுகள் வந்திருந்தால் ஒரு சறுக்கல் என்று எழுதிவிட்டு அடுத்த சுற்றைப் பார்த்திருப்போம்.

அட்டவணையின் பளுவை மணிக்கணக்கில் சொல்கிறேன், அப்போதுதான் பிடிபடும். கிளாசிக்கல் ஆட்டத்தில் முதல் 40 நகர்வுக்கு 90 நிமிடம், பிறகு மேலும் 30 நிமிடம், முதல் நகர்விலிருந்தே ஒவ்வொரு நகர்வுக்கும் 30 நொடி கூடுதல். 60 நகர்வு போகும் ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 150 நிமிடம்; இருவரும் முழுக்கப் பயன்படுத்தினால் ஐந்து மணி நேரம். டைபிரேக் நாளில் 2023 விதிப்படி முதலில் 25 நிமிடமும் நகர்வுக்கு 10 நொடியும் கொண்ட இரண்டு ரேபிட் ஆட்டம். சமன் என்றால் 10 நிமிடமும் 10 நொடியும் கொண்ட இரண்டு. அதுவும் சமன் என்றால் 5 நிமிடமும் 3 நொடியும் கொண்ட இரண்டு பிளிட்ஸ். அதற்கும் மேல் 3 நிமிடமும் 2 நொடியும் கொண்ட ஒற்றை ஆட்டங்கள், ஜெயிப்பவர் உள்ளே, தோற்பவர் வெளியே. ஆட்டத்துக்கு 60 நகர்வு என்று கூட்டினால் முதல் ஜோடி 2 மணி 20 நிமிடம், இரண்டாவது ஜோடி 1 மணி 20 நிமிடம், பிளிட்ஸ் ஜோடி அரை மணிக்குச் சற்று மேல். இடைவேளைகளையும் சேர்த்தால் அதுவும் ஐந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. ஒரு கிளாசிக்கல் ஆட்டத்தின் நீளம்தான், ஆனால் மூச்சு விட இடமில்லாத ஐந்து மணி நேரம். கிளாசிக்கலில் எதிராளி யோசிக்கும்போது எழுந்து நடக்கலாம்; பத்து நிமிட ஆட்டத்தில் கண்ணைப் பலகையிலிருந்து எடுக்க முடியாது.

இரண்டு ஆட்டத்திலேயே சுற்றை முடித்தவருக்கு அந்த மூன்றாவது நாள் காலியாகக் கிடைக்கிறது. அது வெறும் தூக்கத்துக்கான நாள் என்று நினைக்க வேண்டாம். அடுத்த எதிராளி யார் என்பது பக்கத்து ஜோடியின் டைபிரேக் முடிந்தால்தான் தெரியும். அது மாலையில் முடிகிறது. அடுத்த சுற்றின் முதல் ஆட்டம் மறுநாள் பிற்பகல். ஓய்வில் இருப்பவர், வரக்கூடிய இரண்டு பேருக்கும் எதை எப்படி ஆடுவது என்ற குறிப்புக் கோப்பைத் தனித்தனியாகத் தயாரித்து வைத்துவிடுவார். டைபிரேக் ஆடி வந்தவருக்கு இரவு இரண்டு மூன்று மணி நேரம், காலையில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் செய்ய வேண்டிய வேலை குறைவில்லை: எதிராளியின் கடைசி இரண்டு ஆண்டு ஆட்டங்களை நிறம் வாரியாகப் பிரிக்க வேண்டும், இந்தப் போட்டியில் அவர் ஏற்கெனவே காட்டிவிட்ட தொடக்கங்களை (ஆட்டத்தின் முதல் நகர்வு வரிசைகளை) குறித்துக்கொள்ள வேண்டும், அவர் ரேபிட்டில் ஆடுவதும் கிளாசிக்கலில் ஆடுவதும் வேறுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும், தன்னுடைய பழைய கோப்புகளில் எது அவருக்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுத்து, கணினியோடு ஒருமுறை சரிபார்த்து, கடைசியில் அதை மனதில் ஏற்ற வேண்டும். பலமான ஆட்டக்காரர்கள் இதில் பெரும்பகுதியை செகண்ட் எனப்படும் உதவி ஆட்டக்காரர்களிடம் விட்டுவிடுவார்கள். வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் செகண்ட் இரவெல்லாம் வேலை பார்த்துக் காலையில் அந்தக் குறிப்புகளை அனுப்பிவிடுவார். ஆனால் மனப்பாடம் செய்யும் வேலையை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. தூக்கம் கெட்டால் முதலில் போவது அதுதான்: பதினெட்டாவது நகர்வு ஞாபகம் வரும், பத்தொன்பதாவதில் இரண்டு வழிகளில் எது என்று குழம்பும், கடிகாரத்தில் நாற்பது நிமிடம் கரையும். தயாரிப்பே இல்லாமல் வந்திருந்தால்கூட அவ்வளவு நேரம் போயிருக்காது.

2023 பாகு இதற்கு நல்ல உதாரணம். பிரக்ஞானந்தா நான்காம் சுற்றில் நகமுராவை டைபிரேக்கில் வென்றார். கால் இறுதியில் அர்ஜுன் எரிகைசியோடு ஒன்பது ஆட்டம்: கிளாசிக்கல் இரண்டு, ஆகஸ்ட் 17 அன்று ஒரே நாளில் டைபிரேக் ஏழு, கடைசியில் 5-4. ஒரு நாள் பொது ஓய்வு. பிறகு அரை இறுதியில் கருவானாவோடு கிளாசிக்கல் இரண்டும் டிரா, 25 நிமிட ரேபிட் இரண்டும் டிரா, பத்து நிமிட ஆட்டங்களில்தான் முடிவு, 3.5-2.5. அது ஆகஸ்ட் 21. மறுநாள் 22ஆம் தேதியே கார்ல்சனோடு இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம். கார்ல்சனோ கால் இறுதியில் குகேஷையும் அரை இறுதியில் அபாசோவையும் 1.5-0.5 என்று இரண்டு ஆட்டத்திலேயே முடித்தவர். 17ஆம் தேதியும் 21ஆம் தேதியும் அவருக்குப் பலகை முன் வேலை இல்லை. இறுதியில் கிளாசிக்கல் இரண்டும் டிரா ஆகி, ரேபிட்டில் 1.5-0.5 என்று கார்ல்சன் வென்றார்.

இதைப் பார்த்ததும் ஓய்வெடுத்தவர் ஜெயித்தார் என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. அதே நாட்களில் கார்ல்சன் உணவு ஒவ்வாமல் உடல்நலம் கெட்டிருந்தார். இரண்டாவது கிளாசிக்கல் ஆட்டத்தில் வெள்ளையோடு 30 நகர்விலேயே டிராவுக்கு ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம். காலி நாள் கிடைத்தவரும் முழு பலத்தோடு வரவில்லை. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2015இல் அதே பாகுவில் செர்கேய் கர்யாக்கின் கால் இறுதி, அரை இறுதி இரண்டையும் டைபிரேக்கில் தாண்டித்தான் இறுதிக்கு வந்தார். எதிரே இருந்த பீட்டர் ஸ்விட்லர் அரை இறுதியில் அனிஷ் கிரியை இரண்டு ஆட்டத்தில் முடித்தவர். நான்கு ஆட்ட இறுதியில் ஸ்விட்லர் முதல் இரண்டையும் வென்று 2-0. மீதி இரண்டில் ஒரே ஒரு டிரா போதும். இரண்டையும் தோற்றார். டைபிரேக்கும் சேர்ந்து பத்து ஆட்டங்கள், ஒன்றுகூட டிரா இல்லை, கர்யாக்கின் 6-4. அந்தப் போட்டியில் முதல் ஆறு கிளாசிக்கல் ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, மற்றவர்களைவிட அதிகம் ஓய்வெடுத்த பாவெல் எல்யானோவும் அரை இறுதியில் கர்யாக்கினிடம் டைபிரேக்கில் வீழ்ந்தார்.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: டைபிரேக் ஆடியவருக்குத் தயாரிப்பு நேரமும் தூக்கமும் குறைகின்றன, அவருடைய தொடக்கங்கள் அதிகம் வெளிப்பட்டுவிடுகின்றன. அது எத்தனை எலோ புள்ளிக்குச் சமம் என்று எண்ணாகச் சொல்ல முடியாது. காரணம் எளிது. டைபிரேக் வரை இழுக்கப்பட்டவர், சராசரியாகப் பார்த்தால், நேரடியாக ஜெயித்தவரைவிட அந்த வாரம் சற்றுச் சுமாராக ஆடியவராகவும் இருக்கலாம், கடினமான எதிராளி அமைந்தவராகவும் இருக்கலாம். அடுத்த சுற்றில் அவர் தோற்றால் அது களைப்பாலா, முன்பே இருந்த ஃபார்மாலா என்று பிரிக்க முடியாது. ஓர் ஆண்டில் அரை இறுதி நிலையில் கிடைப்பவை இரண்டே மோதல்கள். அந்த மாதிரி அளவை வைத்து யார் எண் சொன்னாலும் சற்றுத் தள்ளி நின்றே கேளுங்கள்.

இந்த மூன்றாவது நாள் விஷயம் இரண்டாவது ஆட்டத்தில் எடுக்கும் முடிவுகளையே மாற்றிவிடுகிறது. பார்வையாளர்கள் சலித்துக்கொள்ளும் சீக்கிர டிராக்களுக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. முதல் ஆட்டம் டிரா. இரண்டாவதில் கையில் வெள்ளை. எதிராளி ரேபிட்டில் பலவீனமானவர் என்றால் 20 நகர்வில் கைகுலுக்கி, அந்த மாலையைத் தூக்கத்துக்கும் மறுநாள் தொடக்கங்களுக்கும் கொடுப்பது கணக்குப்படி சரியான முடிவாக இருக்கலாம். இதை எல்லைவரை கொண்டுபோனவர் அலெக்சாண்டர் கிரிஷ்சுக். 2011இல் கசானில் நாக்அவுட்டாக நடந்த கேண்டிடேட்ஸில் (உலகச் சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) வெள்ளையோடும் சீக்கிரம் டிரா செய்து, ரேபிட் பிளிட்ஸில் அரோனியனையும் கிராம்னிக்கையும் வெளியேற்றி இறுதிக்கு வந்தார். அங்கே கெல்ஃபாண்டிடம் ஆறாவது கிளாசிக்கல் ஆட்டத்தில் தோற்றார். அந்தப் போட்டியின் 30 கிளாசிக்கல் ஆட்டங்களில் 27 டிரா. 2013 முதல் கேண்டிடேட்ஸ் இரட்டை லீக் முறைக்கு மாறியதில் அந்த எண்ணுக்குப் பங்கு உண்டு. கிரிஷ்சுக்கைக் குறை சொன்னவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விதி அனுமதிக்கும் இடத்தில் தன் பலம் எங்கே இருக்கிறதோ அங்கே எதிராளியை இழுத்து வந்தார், அவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இதையே செய்கிறவர் ஒவ்வொரு சுற்றிலும் காலி நாளையும் இழக்கிறார். அதனால் அனுபவம் உள்ளவர்கள் தொடக்கச் சுற்றுகளில் தங்களைவிட 100, 150 புள்ளி குறைந்தவர்களோடு வெள்ளையில் நீளமாக அழுத்துவார்கள். கூர்மையான, கணினியோடு மனப்பாடம் செய்யக்கூடிய வழிகளில் இறங்க மாட்டார்கள். அங்கே 2550காரரும் 25 நகர்வு வரை பிழையின்றி ஆடிவிடுவார். ரெட்டி, இங்கிலீஷ், கேட்டலான் மாதிரி அமைதியான தொடக்கத்தில் காய்களை மாற்றிக்கொள்ளாமல், நாலாவது மணி நேரத்தில் எதிராளி தானே யோசித்து ஆட வேண்டிய நிலையை உருவாக்குவார்கள். தரவரிசை வித்தியாசம் பலகையில் தெரிவது அங்கேதான்.

முதல் ஆட்டம் தோற்றுவிட்டு மறுநாள் கட்டாயம் ஜெயிக்க வேண்டிய நிலை நாக்அவுட்டுக்கே உரிய சோதனை. கருப்போடு ஜெயிக்க வேண்டுமானால் டிராவுக்குப் பெயர்போன பெட்ரோஃப், பெர்லின் தொடக்கங்களை ஓரம் வைத்துவிட்டு, சிப்பாய் அமைப்பு சமச்சீராக இல்லாத ஒன்றை எடுக்க வேண்டும்: கிங்ஸ் இந்தியன், பிர்க், சிசிலியன், டச்சு. கணினி வெள்ளைக்கு அரைச் சிப்பாய் சாதகம் காட்டினாலும் பரவாயில்லை. பலகையில் காய்கள் இருக்க வேண்டும், ராணிகள் மாறக்கூடாது, வெள்ளைக்கு ஒரே நிலையைத் திரும்பத் திரும்ப வரவைக்கும் வழி கிடைக்கக்கூடாது. இங்கே பலரும் செய்யும் தவறு அவசரம். பத்தாவது நகர்விலேயே காயைப் பலி கொடுத்துத் தாக்கப் பார்ப்பார்கள். எதிராளிக்கு அது உதவிதான். கணக்குப் போட வேண்டிய ஒரே கேள்வி அவர் முன்னால் வந்துவிடுகிறது. அவரை வாட்டுவது ஐந்து மணி நேரம் தீராத பதற்றம். 2023இல் வின்சென்ட் கெய்மரிடம் நான்காம் சுற்றில் முதல் ஆட்டத்தைத் தோற்ற கார்ல்சன் மறுநாள் ஜெயித்துச் சமன் செய்து டைபிரேக்கில் தப்பினார். கோப்பையை வென்ற பயணத்தில் அவர் வெளியேறுவதற்கு மிக அருகில் வந்தது அந்தச் சுற்றில்தான்.

மறுபக்கம், டிரா போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு வரும் நோய் வேறு. அவர் காய்களை மாற்றுவதே பாதுகாப்பு என்று நம்பத் தொடங்குவார். ஒவ்வொரு மாற்றத்திலும் நிலையின் தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்: ஒரு திறந்த நெடுவரிசை எதிராளிக்கு, ஒரு தனித்த சிப்பாய் தனக்கு, கடைசியில் யானை முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் குறைவாக நாலு மணி நேரம் தற்காப்பு. வழக்கமாக ஆடும் தொடக்கத்தையே வழக்கமான வேகத்தில் ஆடி, டிரா தானாக வரும்போது எடுத்துக்கொள்வதுதான் சரியான வழி. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே தவறுகிறார்கள் என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டைபிரேக்கில் கவனிக்க வேண்டியது ரேபிட் ரேட்டிங். கிளாசிக்கலில் 60 புள்ளி பின்னால் இருப்பவர் ரேபிட்டில் முன்னால் இருக்கலாம். மோதல் மூன்றாவது நாளுக்குப் போனதும் ஃபேவரிட் மாறிவிடுகிறார். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில நிமிடம்தான். அதில் தோற்ற ஆட்டத்தை அலசுகிறவர் அடுத்ததையும் தோற்கிறார். தண்ணீர், முகம் கழுவுதல், அடுத்த நிறத்தில் எந்தத் தொடக்கம் என்று ஒரு வரியில் முடிவு, இதற்கு மேல் அந்த இடைவேளையில் எதற்கும் இடமில்லை. சின்ன விஷயங்களிலும் கவனம் தவறக்கூடாது: 2009 உலகக் கோப்பையில் காந்தி-மான்சிஸ்க்கில் சீனாவின் வாங் யூ, லீ சாவோ இருவரும் டைபிரேக் ஆட்டத்துக்கு நேரத்துக்கு வந்து உட்காராததால் அந்த ஆட்டங்களை ஆடாமலேயே இழந்தார்கள். பழைய பதிப்புகளில் கடைசிப் படியாக இருந்த ஆர்மகெடானில் வெள்ளைக்கு ஐந்து நிமிடம், கருப்புக்கு நான்கு, டிரா ஆனால் கருப்புக்கு வெற்றி. அதைவிட 2023இல் இருந்த ஒற்றை ஆட்ட முறை நியாயமானது என்பது என் கருத்து.

உடல் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இணையத்தில் தவறான தகவல் ஓயாமல் சுற்றுகிறது. செஸ் ஆட்டக்காரர் போட்டி நாளில் 6,000 கலோரி எரிக்கிறார் என்று படித்திருப்பீர்கள். நம்ப வேண்டாம். ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. கடுமையாக யோசிப்பதால் அந்தப் பங்கு பெரிதாக உயர்வதில்லை என்பதும் உண்மை. பதற்றத்தில் இதயத் துடிப்பு ஏறும், பசி எடுக்காது, இரவில் மனம் அடங்காது. நாலு வாரத்தில் எடை குறைந்தால் பெரும்பாலும் சரியாகச் சாப்பிடாததும் தூங்காததும்தான் காரணம். நடைமுறையில் பலன் தருபவை சாதாரண விஷயங்கள்: ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு மிதமான சாப்பாடு, ஆட்டத்தின் நடுவே சிறிது சிறிதாகத் தண்ணீர், காபியை மூன்றாவது மணி நேரத்துக்குப் பிறகு நிறுத்துவது, தோற்ற இரவில் கணினியைத் திறக்காமல் அரை மணி நேரம் நடந்துவிட்டு வருவது. தூக்கம் வராத இரவில் இணையத்தில் பிளிட்ஸ் ஆடுவது மிக மோசமான பழக்கம். மூளை மறுபடியும் கடிகாரத்தோடு ஓடத் தொடங்கிவிடும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, ஒருவர் எப்படி ஆடினார் என்பதை அளப்பது. ஒரு போட்டியில் எந்த ரேட்டிங் அளவுக்கு ஆடினார் என்று சொல்லும் பெர்ஃபார்மன்ஸ் ரேட்டிங் கிளாசிக்கல் ஆட்டங்களை மட்டுமே கணக்கில் எடுக்கும்: எதிராளிகளின் சராசரி ரேட்டிங்கோடு, எடுத்த சதவீதத்துக்கு ஃபிடே அட்டவணை தரும் எண்ணைக் கூட்ட வேண்டும். 75 சதவீதத்துக்கு 193, 60க்கு 72, 50க்குப் பூஜ்யம். ஏழு சுற்றையும் 1.5-0.5 என்று வென்றவர் 14 ஆட்டத்தில் 10.5, அதாவது 75 சதவீதம். எதிராளிகள் சராசரி 2680 என்றால் அவருடைய பெர்ஃபார்மன்ஸ் 2873. அதே எதிராளிகளோடு 14 ஆட்டத்தையும் டிரா செய்து ஏழு டைபிரேக்கிலும் ஜெயித்தவருக்கு 2680. இருவருக்கும் கிடைப்பது ஒரே கோப்பை, ஒரே பரிசு. ரேட்டிங்கிலும் இதே முரண் உண்டு: 2750காரர் 2600காரரோடு இரண்டு டிரா செய்து ரேபிட்டில் அடுத்த சுற்றுக்குப் போனால், அவர் சுற்றை வென்று கிளாசிக்கல் ரேட்டிங்கில் நான்கு புள்ளி இழக்கிறார். அதனால் நாக்அவுட்டில் பெர்ஃபார்மன்ஸ் எண்ணைத் தனியாகப் பார்க்காமல், எத்தனை சுற்றை இரண்டு ஆட்டத்தில் முடித்தார், தோற்ற பிறகு எத்தனை முறை மீண்டார், சாதகமான நிலைகளில் எத்தனையை வெற்றியாக மாற்றினார் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பரிசும் தகுதியும் இந்த எண்ணைக் கண்டுகொள்வதில்லை: 2023இல் முதல் பரிசு 1,10,000 டாலர், இரண்டாவது 80,000, கேண்டிடேட்ஸ் இடங்கள் முதல் மூன்று பேருக்கு. கார்ல்சன் விலகியதால் நான்காவதாக வந்த அபாசோவும் 2024 கேண்டிடேட்ஸில் ஆடினார். தரவரிசையில் மிகப் பின்னால் இருந்த ஒருவர் அந்த எட்டுப் பேரில் ஒருவரானார், அதுவும் முறைப்படியே.

கடைசியாக, அட்டவணையை மாற்றலாமா என்ற கேள்வி. எல்லாச் சுற்றையும் நான்கு ஆட்டமாக்குவது நடக்காத காரியம். டைபிரேக்கோடு சுற்றுக்கு ஐந்து நாள், எட்டுச் சுற்றுக்கு 40 நாள். அதற்கு யாரும் காலண்டரில் இடம் தர மாட்டார்கள், கசானைப் பார்த்தால் நீண்ட மோதல் டிராக்களைக் குறைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆனால் அரை இறுதிக்கு முன்பும் இறுதிக்கு முன்பும் தலா ஒரு பொது ஓய்வு நாள் வைப்பது செலவில்லாத திருத்தம். அந்த நிலையில் தங்கியிருப்பவர்கள் நான்கே பேர். 2023இல் அரை இறுதிக்கு முன் அந்த நாள் இருந்தது, இறுதிக்கு முன் இல்லை. ஆகஸ்ட் 21 மாலை கருவானாவை வென்று எழுந்தவர் அடுத்த நாளே கார்ல்சன் முன் உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த ஒரு நாள் இல்லாமல் போனதுதான்.